குழாயடியில் நின்றுபோன பேச்சு

இன்று காலை கொல்லைப்பக்கமிருந்து சிவப்பு சோப்பு வாசனை வந்தது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படியில் நின்ற நான், டியூட்டி முடிந்து நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று நினைத்து மாற்றுவேட்டி எடுக்கத் திரும்பிவிட்டேன். நீங்கள் போய் ஆறு வருஷம் ஆகிறது. வந்திருந்தது நம் செல்வி. நீங்கள் தீயணைப்பு வண்டியில் ஓடியது போதாதென்று, உங்கள் மகள் ஆம்புலன்ஸில் ஓடுகிறாள்.

துஷ்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போய்வந்தால் குளிக்காமல் உள்ளே வரக்கூடாது என்பது என் அம்மா வீட்டு வழக்கம். உங்களுக்கு மாசத்தில் பாதி நாள் துஷ்டிதான். கிணற்றில் விழுந்தவர்கள், துறைமுகத்தில் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் தீயில் வெந்தவர்கள் என்று தூக்கிவிட்டு வருவீர்கள். நான் வாளியை நிரப்பி வைத்துவிட்டு, பின்வாசலை மறித்து நிற்பேன். பார்த்ததெல்லாம் தண்ணீரோடு போய்விடும் என்று நம்பினேன். உங்கள் நல்லதுக்குத்தான் செய்தேன்.

செல்வி நாலாம் வகுப்பு படித்தபோது ஒருநாள், உப்பளத்துக் கிணற்றிலிருந்து வந்தீர்கள். காக்கிச் சட்டை சொட்டச் சொட்ட, குழாயைத் திறக்காமல் நின்றீர்கள்.

"ஏளா, அந்தப் பிள்ளைக்கு நம்ம செல்வி வயசுதான் இருக்கும். தூக்கும்போது..."

"தீட்டோட நின்னு பேசாதீங்க. குளிச்சிட்டு வந்து சொல்லுங்க."

குளித்தீர்கள். சாப்பிட்டீர்கள். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கப்புறம் விடியற்காலையில் எழுந்து, தூங்குகிற செல்வி பக்கத்தில் போய்க் குனிந்து நிற்பீர்கள். "பிள்ளைய எதுக்கு எழுப்புதீங்க?" என்று அதற்கும் ஏசினேன்.

மிச்சத்தை யார் சொன்னது தெரியுமா? உங்கள் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த டீக்கடைக்காரர். "அண்ணாச்சி எங்கிட்டதான் மனசு விட்டுப் பேசுவாவ" என்று ஆரம்பித்தார். அந்தப் பிள்ளையின் சடையில் ரிப்பன் அவிழாமல் இருந்ததாம். நீங்கள் அதை அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்து எத்தனையோ தடவை சொல்லி அழுதீர்களாம். வீட்டில் ஒருத்தி இருக்க, ஊரானிடம் போய் அழுதிருக்கிறீர்கள். அந்தக் கடையில் இன்றுவரை நான் ஒரு டீ குடித்ததில்லை. உங்கள் மேலும் கோபம்தான். செத்தவர் மேல் கோபப்படக்கூடாது என்கிறார்கள். கோபப்படாமல் இருக்க எனக்கு வரவில்லை.

போன வாரம் செல்வியின் ஆபீசில் வீட்டு ஆட்களை எல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தி வந்திருந்தாள், சின்ன வயசு. உங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது? "ஆம்பளைக்கு என்னய்யா அழுகை?" என்று உங்களைப் பார்த்துச் சிரித்த உங்கள் ஸ்டேஷன் ஆபீசர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. டாக்டரம்மா கேட்டாள், "இவங்க வேலை முடிஞ்சு வந்ததும் நீங்க மொதல்ல என்ன சொல்வீங்க?"

"குளிச்சிட்டு வான்னு சொல்லுவேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"சரிங்கம்மா. குளிச்ச பிறகு?"

 பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பதிலைத் தேடினேன், நம் மில்லர்புரம் ஸ்டாப்பில் இறங்கும்வரை கிடைக்கவில்லை.

செல்விக்குப் பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை. பைபாஸில் நடந்த ஒரு விபத்துக்குப் போய்வந்ததிலிருந்து இப்படித்தான். இன்று குழாயடிக்குப் போய்ப் பார்த்தேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். சோப்பு கையில் இருந்தது. வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நீங்கள் உட்கார்ந்த அதே கல்.

குழாயை மூடினேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். சேலை நனைந்தது.

"சொல்லுளா."

"இன்னும் குளிக்கலம்மா."

"இருக்கட்டும். சொல்லு."

சோப்பைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். அது அவள் பாடு, இங்கே எழுத மாட்டேன். நடுவில் இரண்டு தடவை "போதும், எழுந்திரு" என்று வாய்வரை வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். கேட்பது இவ்வளவு அசதியான வேலை என்று எனக்குத் தெரியாது. முடித்ததும், வியாழக்கிழமை அந்த டாக்டரம்மாவைப் பார்க்கலாமா என்றேன். "நீயும் வாரியா?" என்றாள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் உங்கள் கிணற்றுப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். செல்வி என்னைப் பார்த்தாள்.

"அதான் அப்பா தெனமும் என் மூக்குக்கிட்ட வெரல வச்சுப் பாத்தாங்களா? நான் முழிச்சுதாம்மா கெடப்பேன். அப்பா பயப்படக் கூடாதுன்னு நல்லா இழுத்து இழுத்து மூச்சு விடுவேன்."

ஒன்பது வயசுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

நீங்கள் "தூக்கும்போது" என்று நிறுத்தியது என் காதிலேயே நிற்கிறது. மிச்சத்தை டீக்கடைக்காரர் சொன்னது கணக்கில் வராது. நான் வாசலை மறித்துத்தான் நின்றேன், ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் என்னைத் தள்ளிவிட்டு, ஈரத்தோடு உள்ளே வந்திருக்கலாம்.