கேமராவுக்குள் இருக்கும் அத்தா

ராஜகீழ்ப்பாக்கம்
6.11.2008, வியாழக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தபஸ்ஸும் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம்தான். அங்கே உங்களையும் அல்லாஹ் சுகமாக வைத்திருப்பான் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் ரிசீவரை எப்போது கொடுப்பேன் என்று மாமி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். நீங்களோ கார்டு தீரப்போகிறது என்பீர்கள். நான் பாதியில் அழுதுவிடுவேன். நீங்கள் பயந்துபோய் எல்லாவற்றுக்கும் சரி சரி என்பீர்கள், மறுநாள் மறந்துவிடுவீர்கள். எழுதினால் நான் சொல்லி முடிக்கிறவரை நீங்கள் குறுக்கே பேச முடியாது. அக்தர் அண்ணன் லீவு முடிந்து நாளை மறுநாள் அங்கே தம்மாமுக்குக் கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

மாமிக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. தாம்பரம் டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். மாத்திரையைவிட அந்த டாக்டரைத் திட்டுவதில்தான் அவர்களுக்குக் குணம் தெரிகிறது. மழை பிடித்துக்கொண்டது. நம் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். வேளச்சேரி ரோட்டை வேறு தோண்டிப் போட்டிருக்கிறார்கள், நம் மகள் இரமை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் நர்சரிக்குப் போய் வருகிறேன். பின்பக்க ஓட்டுக்கு மேல் தார்ப்பாய் போட்டாகிவிட்டது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலமும் வரும். அதில் இருப்பது நர்சரிக்கென்று ஜூன் மாதம் நீங்கள் வாங்கி அனுப்பிய கேமரா. உடையவில்லை, ரிப்பேரும் இல்லை. நான்தான் இன்று அதைக் கழற்றி வாங்கி வந்தேன். கோபப்படுவதற்கு முன்னால் மிச்சத்தையும் படித்துவிடுங்கள்.

நீங்கள் கேட்டதற்காகத்தான் ஞானஜோதி டீச்சர் அதை மாட்டினார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று அவர் முதலில் தயங்கியதும், வெளிநாட்டில் இருக்கிற தகப்பன் என்று நான் கெஞ்சியதும் உங்களுக்குத் தெரியும். பிறகு மற்ற பெற்றோருக்கும் கம்ப்யூட்டரில் பார்க்கப் பாஸ்வேர்டு கொடுத்தார். எல்லோருக்கும் சந்தோஷம்தான். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆபீசுக்குப் போனதும் முதலில் அதைத்தான் திறக்கிறேன், எப்போது திறந்தாலும் இரம் முகம்தான் பெரிதாகத் தெரிகிறது, என்னையே பார்த்துச் சிரிக்கிறாள் என்று நீங்கள் ஒவ்வொரு போனிலும் சொன்னீர்கள். மாமி அதைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார்கள்.

மச்சான், எப்போது திறந்தாலும் அவள் அங்கேயே இருக்கிறாள் என்றால் அவள் வேறு எங்கேயும் போவதில்லை என்றுதானே அர்த்தம்? இது உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ரம்ஜான் பெருநாளுக்குப் பிறகு டிபன் டப்பா தினமும் பாதி அப்படியே திரும்பி வந்தது. காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை. ஆயா தபீதாள் அக்காவைக் கேட்டில் நிறுத்திக் கேட்டேன். அந்த அக்கா கேமரா இருக்கிற திசையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தெருவுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "உங்க பொண்ணு அந்தக் கேமரா கீழயே நின்னுகினு கீதும்மா. வெளையாடக் கூப்ட்டா வர்றதில்ல. கையப் புடிச்சு இஸ்தா அழுவுது. அன்னிக்கு ஒரு தபா இஸ்ததுக்கே உங்க வூட்டுக்காரரு போன் பண்ணிட்டாரு. நமக்கு இன்னாத்துக்கு வம்புன்னு நானும் வுட்டுட்டேன்" என்றார்.

ஆகஸ்ட் மாதம் நீங்கள் டீச்சருக்குப் போன் செய்து, ஆயா என் பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கிறாள் என்று சத்தம் போட்டீர்களே, அது இதுதான். மற்ற பிள்ளைகளோடு உட்காரவைத்துச் சாப்பிடவைக்கத்தான் அந்த அக்கா இழுத்திருக்கிறார். அந்தக் கேமராவில் படம் விட்டு விட்டு வருகிறது, சத்தம் வருவதே இல்லை. இழுத்த கை மட்டும் உங்களுக்குத் தெரிந்தது. "வா கண்ணு, வந்து எங்கூட துண்ணு" என்று கூப்பிட்டது தெரியவில்லை. நான் உங்களைக் குறை சொல்லவில்லை. அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்த்திருந்தால் நானும் சத்தம்தான் போட்டிருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு அழுகிற பிள்ளையைத் தூக்கக்கூட அந்த அக்காவுக்குப் பயம். தூக்கும்போது பிள்ளை திமிறினால் பார்க்கிறவர்களுக்கு அடிக்கிற மாதிரி தெரியுமாம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. போன வாரம் புதன்கிழமை அவளை உள்ளே விட்டுவிட்டு நேராக சிக்னல் பக்கத்தில் இருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போனேன். நீங்கள் எழுதி வைக்கச் சொன்ன அந்தப் பாஸ்வேர்டைப் போட்டு, நீங்கள் பார்ப்பதை நானும் பார்த்தேன். நர்சரியின் கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அதன் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள் நம் பிள்ளை. இட்லியைப் பிய்த்து கேமராவிடம் நீட்டினாள். காத்திருந்தாள். யாரும் வாங்காததால் அந்தத் துண்டைத் திரும்ப டப்பாவிலேயே வைத்தாள். பின்னால் மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து கைக்குட்டை விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் ஒன்றாகச் சிரித்த மாதிரி இருந்தது, இவளும் திரும்பிப் பார்த்தாள். ஒரு கால் முக்காலியிலிருந்து கீழே இறங்கிவிட்டது. பிறகு என்ன நினைத்தாளோ, மறுபடி ஏறி கேமராவைப் பார்த்து ஏதோ பேசினாள். உதடுதான் அசைந்தது. பெற்றவள் நான், பக்கத்துத் தெருவில் உட்கார்ந்துகொண்டு என் பிள்ளை என்ன பேசுகிறாள் என்று தெரியாமல் முழித்தேன். உங்களுக்கு தினமும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அன்று மதியம் வீட்டுக்கு வரும் வழியில் அவளையே கேட்டேன். அத்தா அந்தக் கேமராவுக்குள் இருக்கிறார்களாம். சாப்பிட்டாயா இல்லையா என்று அதிலிருந்து அத்தா பார்ப்பேன் என்று நீங்கள்தான் போனில் சொன்னீர்களாம். சரி, அத்தா பார்க்கட்டும், நீ போய் விளையாட வேண்டியதுதானே என்றேன். அதற்கு அவள், "நா போய்ட்டா அத்தா தனியா இருப்பாங்கல்ல" என்றாள்.



உங்களுக்கு வியாழனும் வெள்ளியும் லீவு, ஆபீஸ் கம்ப்யூட்டர் கிடையாது. அது அவளுக்கு எப்படித் தெரியும்? அந்த இரண்டு நாளும் அதே முக்காலியில்தான் நிற்கிறாள், யாருமே பார்க்காத கேமராவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டு. இங்கே ஞாயிற்றுக்கிழமை நர்சரி லீவு. அன்று நீங்கள் ஆபீசில் உட்கார்ந்து காலிக் கூடத்தையும் அடுக்கி வைத்த சின்ன நாற்காலிகளையும் பார்த்துக்கொண்டிருந்ததாக ஒருமுறை சொன்னீர்கள். உங்கள் இருவரையும் நினைத்தால் யாரைத் திட்டுவது, யாருக்காக அழுவது என்றே புரியவில்லை.

டீச்சரிடம் சொன்னேன். அவர் சனிக்கிழமை எல்லாப் பெற்றோரையும் கூப்பிட்டு, கேமராவைக் கழற்றிவிடலாமா என்று கேட்டார். நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஸ்ரீநிவாசராகவன் சார் எழுந்து, கேமரா இருந்தே ஆக வேண்டும் என்றார். நானும் என் மனைவியும் காலை எட்டு மணிக்கே கிளம்பிவிடுகிறோம், நடுவில் ஒரு நிமிஷம் பிள்ளையைப் பார்த்தால்தான் அவளுக்கு வேலை ஓடுகிறது, தப்பு செய்யாதவர்களுக்கு என்ன பயம் என்று கேட்டார். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் மனைவி பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஞானஜோதி டீச்சரும் கோபப்படவில்லை. தப்பு செய்ய ஆசைப்பட்டு நாங்கள் கேட்கவில்லை சார், இப்போதெல்லாம் ஒரு பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிடும்போதுகூட அது பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துத்தான் துடைக்கிறேன் என்றார். எந்த நேரத்தில் வேண்டுமானாலும் சொல்லாமலே வாருங்கள், வந்து உட்கார்ந்து பாருங்கள், கதவைப் பூட்டுவதில்லை என்றும் சொன்னார்.

கையைத் தூக்கச் சொன்னதில் பாதிக்குப் பாதி வந்தது. அப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கேமரா நம்முடையது. அதிலும் வெளிநாட்டுக்காரர் பெண்டாட்டி, வேண்டும் என்றுதான் சொல்வாள் என்று ஸ்ரீநிவாசராகவன் சாருக்கு அவ்வளவு நிச்சயம். வேண்டாம் என்றேன். ஏனம்மா என்று அவர் அதிர்ந்து போய்க் கேட்டார். என் பிள்ளை விளையாட வேண்டும் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் சொந்தச் செலவில் வேறு கேமரா வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பொங்கலுக்குப் பிறகு பார்ப்போம் என்றிருக்கிறார் டீச்சர். அப்படி ஒன்று வந்தாலும் அதன் பாஸ்வேர்டை தம்மாமுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே சொன்னேன்.

பிள்ளைக்காக என்று மேலே எழுதியதெல்லாம் உண்மை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. ஹஜ் பெருநாளைக்கு வருகிறேன் என்றீர்கள். போன வாரம் போன் செய்து, மேனேஜர் கேட்டுக்கொண்டார், லீவை மார்ச்சுக்குத் தள்ளிவிட்டேன் என்றீர்கள்.  கூடவே, அதான் புள்ளைய தினமும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன் என்று சொன்னீர்கள். எவ்வளவு சுலபமாகச் சொன்னீர்கள். நீங்கள் போகும்போது அவள் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள், இப்போது மழைத் தண்ணீரில் குதிக்கிறாள். அவளை ஒருமுறை தூக்கிப் பார்த்தால் தெரியும், என்ன கனம் கனக்கிறாள் என்று. அது எந்தப் படத்தில் தெரியும்? பிறகு, அவளைத்தான் தினமும் பார்க்கிறீர்கள். எனக்கு யாரும் கேமரா மாட்டவில்லை. நான் எப்படி இருக்கிறேன் என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இதைப் போனில் சொல்லியிருந்தால் மாமி காதில் விழுந்திருக்கும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

உங்கள் வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அது நம்மால் முடியாது என்று எனக்கும் தெரியும். மேனேஜரிடம் இன்னொரு முறை பேசுங்கள். என் பெண்டாட்டி சண்டை போடுகிறாள் என்று சொல்லுங்கள், அவருக்கும் ஒரு பெண்டாட்டி இருப்பார் அல்லவா.

இன்று கிளாஸ் முடிந்து எல்லோரும் போன பிறகு டீச்சர் வயரைக் கழற்றி கேமராவை என் கையில் கொடுத்தார். இரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அழவில்லை. காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள், முக்காலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள், பிறகு என்னிடம் வந்து அத்தா எங்கே போய்ட்டாங்க என்று கேட்டாள். தபீதாள் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். என் வாயில் அந்த நேரம் வேறு எதுவும் வரவில்லை. அத்தா அதுலேருந்து இறங்கிட்டாங்கடி, பெருநாளைக்கு நம்ம வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க என்று சொல்லிவிட்டேன்.

அவள் நம்பிவிட்டாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். இதுவரை நான் அவளிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை, மச்சான். இதையும் பொய்யாக்கிவிடாதீர்கள்.

அல்லாஹ் உங்கள் பயணத்தை லேசாக்கி, உங்களைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்ப்பானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உங்கள்
தபஸ்ஸும்