சேறு ஒட்டிய தடி

ஒக்டோபர் 12, ஞாயிறு

என் கணவர் இறந்து இரண்டு மாதம். செத்த வீட்டார் ஒரு வருடத்துக்கு மலை ஏறக் கூடாதாம். காலையில் அவருடைய அக்கா போனில் மறித்தார்.

"அது கோவில் மலைக்குத்தானே மச்சாள்? இது வெறும் காடு," என்றேன்.

"மலை எண்டால் மலைதான். ஆக்கள் என்ன கதைப்பினம்?"

போனேன். ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே, அவர் தனியாகவே ஏறித் திரிந்த செங்குத்துப் பாதை. கூப்பிட்ட போதெல்லாம் முழங்கால் வலியைச் சாட்டி மறுத்தவள் நான். இன்று அவருடைய தடியை ஊன்றி ஏறினேன். இரண்டு தரம் சறுக்கியும் திரும்பவில்லை. உச்சியில், ஜேர்மன்காரர் மம்மூத் என்று சொல்லும் அந்த இராட்சத மரங்கள் நின்றன. சிவந்த பட்டை பஞ்சு மாதிரி இருக்கும் என்பார், நான் நம்பியதில்லை. தொட்டுப் பார்த்தேன். உண்மைதான்.

தடியில் ஒட்டிய சேற்றைக் கழுவவில்லை. நாளை மச்சாள் வருகிறார். வாசலிலேயே சாத்தி வைத்திருக்கிறேன்.