உமையாள் பரப்பிய சாமான்

சென்னை
12-7-1972

அன்புள்ள அப்பச்சிக்கு,

காசி வணங்கி எழுதுவது. நான் சுகம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

மாப்பிள்ளை பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டரா என்று தேவகோட்டைப் பெண் வீட்டார் தயங்குவதால், குழந்தைகள் மனநல மருத்துவப் பயிற்சியை விட்டுவிடச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். விட மாட்டேன்.

நேற்று நம் பக்கத்து நெற்குப்பையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு உமையாள் என்ற ஏழு வயதுப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். மூன்று மாதம் முன்பு அக்காள் கல்யாணமாகிப் போனதிலிருந்து வாயே திறக்கவில்லையாம். விளையாட்டுச் சொப்புகளை வரிசை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருந்தாள். பெரிய டாக்டர் அதையும் நோயின் அறிகுறி என்று எழுதினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் கல்யாண வீடுகளில் பெண்ணுக்குக் கொடுக்கும் பாத்திரங்களைப் பரப்பி வைப்போமே, அதைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"மாமியாருக்கு வைக்கிற சாமான் எங்குட்டு இருக்கு?"

"அங்குட்டு இருக்கு, கண்ணு தெரியலையா? தொட்டுராதீக!"

மூன்று மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு, எனக்கு விழுந்த திட்டு. பெரிய டாக்டர் தான் எழுதியதை அடித்துவிட்டார்.

இங்கே நம் பேச்சுப் பேச ஆளில்லை. ஆத்தாவைக் கொஞ்சம் சீப்புச்சீடை அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பையன், குழந்தைகளின் மனநோய்க்குத்தான் டாக்டர் என்று தேவகோட்டைக்கு எழுதிவிடுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் நானே எழுதுவேன். பெண் தருவதும் தராததும் அவர்கள் இஷ்டம். உமையாள் வந்து காத்திருக்கிறாள், நான் போக வேண்டும்.

காசிவிசுவநாதன்