சட்டையில் உங்கள் பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு வதனி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி கம்மியாகிவிட்டதா? கீழ்பென்னாத்தூர் நிலத்தில் கடலை பிடுங்கி முடித்தாயிற்றா?

கிளாஸ்கோவில் இப்போது நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. நானும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த சிஸ்டர் ரேயஸும் எங்கேயும் சேர்ந்தே போகவேண்டும் என்பது எங்கள் மார்மன் சபையின் விதி. ஊழியத்துக்காக வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறோம். பேசும் முறை எனக்கு வந்தால், பத்தாவதோடு நின்ற என் இங்கிலீஷ் தொண்டையிலேயே நின்றுவிடும். அதற்குள் கதவைச் சாத்திவிடுவார்கள், நானும் தப்பித்துவிடுவேன்.

புதன்கிழமை ஒரு யாழ்ப்பாணத்து அம்மா என் சட்டையில் இருந்த பெயர்ப்பட்டையைப் படித்துவிட்டு, "ராஜமாணிக்கமோ? உள்ள வா பிள்ளை, தேத்தண்ணி குடி" என்றார். சபையில் தேநீர் கூடாது என்றேன்.

"தேத்தண்ணி குடியாத தமிழ்ப் பிள்ளையோ!" என்று சிரித்துச் சுடுதண்ணீர் கொடுத்தார். "இது ஆற்ற பேர்?"

"எங்க அப்பா பேருங்க."

"அப்பா சுகமா இருக்கிறாரோ?"

சுடுதண்ணீரை ஊதி ஊதிக் குடித்தேன்.

உங்கள் பேச்சை மீறி நான் ஊழியத்துக்குக் கிளம்பிய அன்று, "போற எடத்துல என் பேர சொல்லாத" என்றீர்கள். மறக்கவில்லை அப்பா. பட்டையில் குடும்பப் பெயர்தான் போடுவார்கள். பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் உங்கள் பெயர்தான் இருக்கிறது. ஊழியம் முடியும்வரை எங்களைச் சொந்தப் பெயரால் யாரும் கூப்பிடமாட்டார்கள். காலையிலிருந்து படுக்கும்வரை நான் சிஸ்டர் ராஜமாணிக்கம்.

சிஸ்டர் ரேயஸ் வாசலில் காத்திருக்கிறாள். நானில்லாமல் அவளால் தபால்பெட்டிவரைகூடப் போகமுடியாது. திங்கட்கிழமை அம்மா வீடியோவில் பேசும்போது, பின்னால் கட்டிலில் உங்கள் முதுகு தெரிகிறது. நீங்கள் திரும்பக்கூட வேண்டாம். ஒரே ஒரு தடவை, வதனி என்று கூப்பிடுங்கள்.

உங்கள் மகள்
மதிவதனி