விலக்கில் நிற்கிற பஸ்

என் பிரியத்துக்குரிய மச்சானுக்கு,

மேலே போய்ச் சேர்ந்த இடத்திலும் ரோட்டோரம் நின்று போக்குவரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்கிறாள் அக்கா. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள். திருச்சுழி பஸ்ஸில் இன்னும் நான்தான் கண்டக்டர். நீங்கள் போட்டுக் கொடுத்த நேர அட்டவணைக்குப் போன வாரம் ஒரு கண்டம் வந்தது.

பெரிய பெரிய நகரங்களுக்கு ரயிலும் ரோடும் திட்டம் போட்டவர் நீங்கள். மெட்ரோ ரயில் கதவு எத்தனை விநாடி திறந்திருக்க வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டவர். ரிட்டயராகி அருப்புக்கோட்டைக்கு வந்தவரிடம் போய் எங்கள் டிப்போக்காரர்கள் பஸ்ஸுக்கு நேரம் போட்டுத் தரச் சொன்னார்களே, கௌரவக் குறைச்சலாக நினைப்பீர்களோ என்று பயந்தேன். நீங்களோ தினமும் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தீர்கள். டிக்கெட் வாங்கித்தான். வேண்டாம் என்றால் முறைப்பு வேறு.

ஏறுகிறவர்களை எண்ணுவீர்கள் என்று பார்த்தால், ஏற முடியாதவர்களையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். எம்.ரெட்டியபட்டியைத் தாண்டி, காட்டு ஊருக்குப் பாதை பிரிகிற அந்த விலக்கில், கரிசல் வெளியில் மறைப்பே கிடையாது. ஓடி வருகிறவர்கள் தொலைவிலேயே தெரிவார்கள். நேரமாகிவிட்டதென்று டிரைவர் வண்டியை எடுத்துவிடுவார். அவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள், ஒரு வசவுகூட இருக்காது.

கடைசியில் அந்த விலக்கில் மட்டும் பஸ் சும்மா நிற்பதற்கென்றே நேரம் ஒதுக்கினீர்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒரு ஆளுக்காக ஒரு பஸ்ஸே நிற்பதா என்று கேட்டேன்.

“மாப்ள, உள்ள இருக்கவுகளுக்கு அஞ்சு நிமிசந்தான போகும். விட்டுட்டுப் போனா அவுகளுக்கு அன்னைக்குப் பொழுதே போயிரும்ல.”

இத்தனை படித்தும் இவ்வளவு எளிதாக யோசிக்க முடியுமா மச்சான்?

போன வாரம் புது அதிகாரி ஒருவர் பஸ்ஸில் ஏறினார். நல்ல மனிதர்தான். அந்த நிறுத்தத்தைக் குறைத்தால் சாயங்காலம் ஒரு நடை கூடுதலாக ஓட்டலாம் என்பது அவர் யோசனை. விலக்கில் நின்றோம். ஒருவருமில்லை. அப்புறம் தூரத்தில் ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு, வரப்பில் விழுந்தடித்து ஓடி வந்தாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

பஸ்ஸில் யாராவது அவரிடம் கெஞ்சுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில் முன் சீட்டுப் பெண்கள் நெருங்கி உட்கார்ந்து, அவள் ரோட்டுக்கு வந்து சேருமுன்பே இடம் பண்ணிவிட்டார்கள். நீங்கள் நேரத்தைத்தானே ஒதுக்கினீர்கள், இதை எப்போது சொல்லிக் கொடுத்தீர்கள்?

அதிகாரி அந்தக் காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஓட வேணாம்னு சொல்லுங்க.”

நான் படியில் தொங்கிக்கொண்டு தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தினேன்.

“மெல்ல வா தாயி. நிக்கிறோம்.”

அட்டவணை மாறவில்லை மச்சான். எனக்குப் பின்னால் இந்த வண்டிக்கு யார் கண்டக்டராக வந்தாலும், விலக்கில் காட்டை ஒருதரம் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் நான் இறங்குவேன்.

உங்களை நினைத்து மலைத்துப்போய் நிற்கும்,
உங்கள் மச்சினன்