உப்புத்தாள்

ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், லூர்துமேரி புருஷனுக்குச் சீட்டு எழுதி டிவி மேல் வைத்தாள்.

"என்னங்க, சங்கரா மீன் குழம்பு அடுப்பு மேல இருக்குது. சாப்பிட்டுட்டு உப்பளத்துக்குத் திரும்பிப் போகும்போது சாவியை எதிர்வீட்ல குடுங்க.

சாயங்காலம் உங்க மாமன் பொண்ணு செல்வி வருதாம். ஹால் சுவத்துல பதிச்ச மரப்பலகை, கடையிலேயே பாலிஷ் போட்டு வந்தது, செல்வி பாண்டிச்சேரியில பொறுக்கி எடுத்ததுதானே? வர்றவங்க போறவங்க கிட்டயெல்லாம் 'செல்வி செலக்‌ஷன்'னு நீங்க பெருமை பேசினதாலதான் அதும்மேல பச்சை பெயிண்ட் அடிச்சேன். இப்ப நகம் பட்டாலே உரியுது. உப்புத்தாள் போட்டு அந்தப் பளபளப்பைத் தேய்ச்சுட்டு அடிச்சாதான் பெயிண்ட் பிடிக்குமாம்.

நேத்து போன்ல உப்புத்தாள் கேட்டா, உப்பைத் தாள்ல மடிச்சுக் கொண்டாந்தீங்க. செல்வி கேட்டிருந்தா காதுல சரியா விழுந்திருக்கும்."

வாசல்வரை போனவளுக்கு மனசு ஆறவில்லை. திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"செல்விக்கு மீன்ல நடுத்துண்டம் எடுத்து வைங்க, குறை சொல்லக் கூடாது. வரும்போது உப்புத்தாள் வாங்கிட்டு வர மறக்காதீங்க. நான் தேய்க்க மாட்டேன். செல்வி பொறுக்கினதை உங்க கையாலதான் தேய்க்கணும். நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும்."