நைனா பார்த்த வண்டி வேலை

திருத்தணி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள முருகவேல் அண்ணனுக்கு,

அனுசுயா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அங்கே பனி எப்படி? உன் ராணுவ முகாமுக்குப் போன் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், இந்த ஒற்றை அறையில் நைனா காதில் விழாமல் பேச முடியாது. அதனால்தான் கடிதம்.

காகிதக் கிடங்கில் நைனாவுக்கு 'வண்டி வேலை' என்று அம்மா தெருவெல்லாம் சொல்லியிருந்தாள் அல்லவா? அதே கிடங்கின் ஆபீசில் நான் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் பாதுகாப்புப் படிவம் நிரப்புவது என் பொறுப்பு. 'ஓட்டுநர் தவிர வேறு எவரும் வண்டியில் ஏறவில்லை' என்ற வரிக்கு நேரே பதினாறு நாள் டிக் போட்டிருக்கிறேன். உள்ளே போய்ப் பார்க்காமலே. அத்தனை ஆண்கள் நடுவே போகக் கூச்சம்.

சனிக்கிழமை ரீல் எண்களை, அதாவது பெரிய காகிதச் சுருள்களின் எண்களை, சரிபார்க்க உள்ளே போனேன். சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இரண்டு இரும்புக் கரங்களையும் கழற்றிவிட்டு, ரீலைக் கட்டிப்பிடித்துத் தூக்கும் கிளாம்ப் மாட்டியிருந்தார்கள். ரீல் மேலே போனதும் பின்சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பின. ஓட்டுநர் கங்காதரன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "முனியண்ணே, ஏறு" என்றார். நைனா பின்னால் ஏறி நின்றார். சக்கரங்கள் இறங்கின. அதுதான் அண்ணா, வேலை. பாரமாக நிற்பது.

"அண்ணன் காலைல பொங்கல் துன்னுகினு வந்தாரா? அப்போ தைரியமா தூக்கு" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த ரீலுக்கு வண்டியின் பின்பக்கம் ஒரு முழம் எழும்பி விழுந்தது. நைனா கூரைக் கம்பியில் தொங்கினார். கழன்று விழுந்த அவர் செருப்பின்மேல் சக்கரம் ஏறியது. நான் கையிலிருந்த பட்டியலில் அடுத்த எண்ணைச் சரிபார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

கிளாம்ப்புடன் வந்த புத்தகம் என் அலமாரியிலேயே இருந்தது. வண்டித் தகட்டில் தூக்கும் அளவு மூன்று டன் என்று இருக்கிறது. கிளாம்பே முக்கால் டன். சுமையையும் முன்னால் தள்ளிவிடுகிறது. மாட்டிய பிறகு இரண்டு டன்னுக்கு மேல் தூக்கக் கூடாது, தகட்டையும் மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எங்கள் ரீல் இரண்டேகால் டன்.

பஸ்ஸில் திரும்பும்போது இதையெல்லாம் மெதுவாகச் சொல்லி, படிவத்தில் உண்மையை எழுதப் போகிறேன் என்றேன். "நீ எழுதிட்டா எனக்கு அங்க வேற இன்னா வேலை கீது?" என்றார். கோபமாக இல்லை. நைனா கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

நேற்று எழுதிவிட்டேன். ஏறியவர் பெயர், முனியன். முன்பு போட்ட பதினாறு டிக்கும் பொய் என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் வளவன் படித்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். மாலையில் நைனாவை இனி வர வேண்டாம் என்றார்கள். என்னை மட்டும் வழக்கம்போல் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நைனா என்னோடு பேசவில்லை. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இன்றும் நேரத்துக்குக் குளித்து, சட்டை போட்டு, வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் அவரைத் தாண்டி வேலைக்குப் போனேன்.

லைன் கிடைக்கிற அன்று அவரிடம் பேசு, அண்ணா. எனக்காகச் சமாதானம் சொல்ல வேண்டாம். என்னை ஒரு வார்த்தை திட்டச் சொல். அந்தக் குரல் கேட்டால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
அனுசுயா